மைதிலியின் பென்சில் வழியே எனக்குக் கேட்டது

காய்ச்சல் விட்ட அன்று காலையில் அம்மா என் கட்டிலருகே உட்கார்ந்து ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. ஒரு மாதமாக எனக்காகக் கண்விழித்ததில் தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். "மெதுவாப் பேசும்மா, அவசரமில்ல" என்றேன். என் குரலும் எனக்குக் கேட்கவில்லை.

அது 1944, ஆகஸ்டு மாதம். எனக்கு இருபத்துமூன்று வயது.

நம் கோவில் பங்கு மக்களாகிய உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார் அருளப்பரின் மகள் ஆக்னெஸ். கோவிலில் பெண்கள் பக்கம், தூண் ஓரமாக உட்காருகிறவள். யாராவது பேச வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறவள். பெரிய படிப்புப் படித்த தலைக்கனம் என்று சிலர் சொன்னதாக அம்மா ஒருமுறை எழுதிக் காட்டினாள். அதற்குக் காரணம் தலைக்கனம் அல்ல. எனக்கு இரண்டு காதும் கேட்காது. அந்த நாளில் நான் பட்டதையும், சர்வேசுரன் என்னைக் கைவிடாமல் நடத்தியதையும் நீங்கள் அறியவேண்டும் என்று எழுதுகிறேன். என் வாயால் சொல்வதைவிட எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம்.

நான் பி.ஏ.யில் விலங்கியல் படித்துத் தேறி, அதற்கு மேல் எம்.எஸ்.சி. பட்டத்துக்காகக் கடற்கரைச் சாலையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே மாணவர்களில் நான் ஒருத்திதான் பெண். அலை வந்து திரும்பும் ஈர மணலில் சட்டென்று புதைந்துகொள்ளும் சின்ன நண்டு உண்டே, அதன் குஞ்சுப்பருவத்தைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. எங்கள் வீட்டிலிருந்து நூறடி நடந்தால் நண்டு கிடைக்கும். சர்வேசுரன் எனக்காகவே வாசலில் கொண்டுவந்து வைத்த வேலை என்று அப்பா சொல்வார்.

அப்பா அப்படிச் சொல்லும் குரல் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கடைசியாகக் கேட்டது ஜூலை மாதம், டைபாய்டு வருவதற்கு முந்திய நாள்.

காது டாக்டர் ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டி என் நெற்றியில் வைத்தார், காதின் பின்னால் வைத்தார். அதிர்ந்தது தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு அப்பாவிடம் வெகுநேரம் பேசினார். வெளியே வந்ததும் நான் அப்பாவின் பையிலிருந்த சிலேட்டை எடுத்து நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஆயிரம் எழுத்து எழுதிய கை அது. பலப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் எழுதவில்லை. வெறும் சிலேட்டையே திருப்பிக் கொடுத்தார்.

நான் புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் நவநாள் செய்தேன். மாதாவின் பாதத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, காது வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று மன்றாடினேன். ஒன்பதாம் நாள் பூசையில், சுவாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்துக்காகக் காத்திருந்தேன். அந்த மணிச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தேன். பீடத்துப் பையன் மணியை அசைத்ததைக் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு நவநாள் செய்தேன். மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் மாதம் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். நண்டை அறுப்பதற்கும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் காது வேண்டியதில்லை என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமை இருந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லா மாணவர்களும் பேராசிரியரின் அறையில் கூடி, ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்பது வழக்கம். எல்லாம் ஆங்கிலத்தில். நான் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாயைப் பிடிப்பதற்குள் பேச்சு வேறொரு வாய்க்குப் போய்விடும். கழுத்துதான் வலிக்கும்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பேராசிரியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். முட்டையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு நிமிஷம் விளக்கமாகப் பதில் சொன்னேன். சொல்லி முடித்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் மேஜையைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தள்ளினார். 'ஜன்னலைச் சாத்தட்டுமா என்றுதான் கேட்டார்.'

அன்று வீட்டுக்கு வரும் வழியில் சாலையைக் கடந்தபோது யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார்கள். என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு பட்டாள லாரியின் சக்கரம் உருண்டு போனது. என்னை இழுத்தவள் குப்பத்து அஞ்சலை. கூடையில் மீன் விற்கிறவள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடாமல் வீடுவரை கொண்டுவந்து அம்மாவின் முன்னால் நிறுத்தி, கையை வீசி வீசிப் பேசினாள். அவள் போனபின், என்ன சொன்னாள் என்று எழுதச் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். மாட்டேன் என்று தலையசைத்தாள். நான் விடவில்லை. அஞ்சலை பேசியபடியே எழுதினாள்.

"இன்னாமா நீ, பொண்ண இப்டித் தனியா உட்டுட்ட? லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே வரான், இது பாட்டுக்குப் போய்க்கினே கீது. நான் மட்டும் இஸ்துகினு வரலன்னா இன்னேரம் நீ மாரடிச்சிக்கினு இருப்ப. காது கேக்காத பொண்ணுக்கு இன்னாத்துக்குமா படிப்பு?"

கடைசி வரியை எழுதும்போது அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அஞ்சலை கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றியது.

அக்டோபர் மாதம் பேராசிரியரிடமிருந்து தட்டச்சில் ஒரு கடிதம் வந்தது. கடுமையான வார்த்தை ஒன்றுகூட இல்லை. என் திறமையில் அவருக்குச் சந்தேகம் இல்லை, என் நிலைமைக்கு மிகவும் வருந்துகிறார், ஆனால் கூட்டத்தில் கலந்துகொள்வதற்கும் கடைசியில் பரிசோதகர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்வதற்கும் எனக்கு வழி இல்லை, இப்படிப்பட்டவர்களுக்கென்று ஏற்பாடு ஏதும் அங்கே கிடையாது, ஆகவே பதினைந்து நாளுக்குள் உடல்நிலை காரணமாக விலகுவதாக எழுதிக்கொடுத்தால் கௌரவமாக இருக்கும். இவ்வளவுதான் கடிதம்.

அதில் எதை மறுப்பது? எல்லாம் உண்மை. அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை. அன்றே விலகல் கடிதம் எழுதினேன். தபாலில் போடும்படி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாளும் அது அந்தப் பையில்தான் இருந்தது. அதற்கு மறுநாள் வேறு சட்டை போட்டார், கடிதம் அந்தச் சட்டைக்கு மாறியிருந்தது.

ஒரு புதன்கிழமை பிற்பகல் கோவிலுக்குப் போனேன். செபம் செய்யப் போகவில்லை. வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல் போனேன். கோவிலில் யாரும் இல்லை. முழங்காலில் நிற்கக்கூட இல்லை, பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, வாயைத் திறக்காமல் சொன்னேன். "சேசுவே, இனிமேல் காது வேண்டும் என்று கேட்கமாட்டேன். எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை."

அவ்வளவுதான் என் செபம். ஆறுதல் எதுவும் உண்டாகவில்லை. வந்தபடியே வீட்டுக்குத் திரும்பினேன். இதை மறைக்காமல் சொல்லுகிறேன், ஏனென்றால் சாட்சி சொல்லுகிறவர்கள் பலர் அந்த நிமிஷமே மனசு லேசாகிவிட்டது என்பார்கள். எனக்கு லேசாகவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். மூக்குத்தி, நீலப் புடவை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஆராய்ச்சிக்கூடத்து ஆபீசில் பார்த்த முகம். பேசிப் பழக்கமில்லை. அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"நான் மைதிலி. புரொபசர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். மயிலாப்பூர்ல மாட வீதிப் பக்கம் எங்காம். உங்களுக்கு வந்த லெட்டரை அடிச்சது நான்தான். அன்னிலேர்ந்து எனக்குச் சாதம் எறங்கல்லே. உங்களைப் பார்த்துச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

"அது உங்க தப்பு இல்லையே" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எழுதினாள். "எனக்கு ஷார்ட்ஹாண்ட் தெரியும். யார் எத்தனை வேகமாப் பேசினாலும் கூடவே எழுதிண்டு போவேன். அதைப் படிக்க நீங்க கத்துண்டுட்டா, அவா பேசப் பேச என் நோட்டைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாமோன்னோ?"

நான் அந்த வரியை மூன்று தரம் படித்தேன். "கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"

"எழுதக் கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. படிக்க மட்டும்னா எனக்குச் சொல்லத் தெரியல்லே. அப்படி யாரும் கத்துண்டு நான் பார்த்ததில்லே."

அம்மா காபி கொண்டுவந்தாள். கொண்டுவந்தபின்தான், நம் வீட்டில் இவள் குடிப்பாளா என்ற யோசனை வந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். மைதிலி எழுந்து அதை வாங்கிக் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி எழுதினாள். "ஆத்துல சொல்லமாட்டேன்."

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் பேராசிரியரிடம் போனோம். அவர் பேசியதை மைதிலி எனக்காக எழுதினாள். அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆபீஸ் வேலை என்ன ஆவது, எத்தனை நாளைக்கு இப்படிச் செய்ய முடியும் என்று கேட்டார். அதற்கு மைதிலி பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் பேசினாள். பென்சில் அப்போது ஓடவில்லை. என்ன சொன்னாள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், இன்றுவரை எழுதிக் காட்டவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்ச் மாதம் வரை பார்ப்போம் என்றார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை அம்மா அன்று இரவே அடுப்பில் போட்டாள்.

இதோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். சுருக்கெழுத்து என்பது வெறும் கோடுதான். சாய்ந்த கோடு, வளைந்த கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி எழுதமாட்டார்கள், அது எப்படி ஒலிக்கிறதோ அந்த ஒலியைத்தான் எழுதுவார்கள். 'பேப்பர்' என்பதில் வரும் ப மெல்லிய கோடு. 'பஸ்' என்பதில் வரும் ப அதே கோடு, தடித்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மாதிரிகள் வைக்கும் அறையில் உட்கார்ந்து படிப்போம். அலமாரி நிறைய மீனும் நண்டும் ஊறும் பார்மலின் ஜாடிகள். பிறந்ததிலிருந்து மீனைக் கையால் தொடாத மைதிலி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எனக்குப் பாடம் சொன்னாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை முதல்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். இருபது கோட்டில் இரண்டைத்தான் என்னால் படிக்க முடிந்தது. இரண்டைப் புரிந்துகொள்வதற்குள் பக்கம் திரும்பிவிட்டது. எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவளும் வந்தாள். என்னால் முடியாது என்று சொன்னேன். என்னால் உங்களுக்கும் அவமானம் என்றேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே செபத்தைத்தான் செய்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆண்டவரே. அதைத் தவிர வேறு செபம் எனக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் கோடுகளோடு கிடந்தேன். செபமாலை சொல்லும்போதுகூட அருள்நிறை மந்திரத்தை மனசுக்குள் கோடாகப் போட்டுப் பார்ப்பேன். பாவமா என்று சுவாமியாரைக் கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் அவர் எனக்குத் துண்டுச் சீட்டில்தான் பதில் எழுதித் தருவார். அன்று எழுதினார், 'மாதா கோபிக்கமாட்டார்கள். ஆனால் தமிழில் போடு.'

ஜனவரி மாதம் மூன்றாவது வியாழன் என்று நினைக்கிறேன். ஒரு மாணவர் இறால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மைதிலியின் பென்சில் ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கோடு கோடாக இல்லை. பேச்சாக இருந்தது. அவர் சொன்னார், இவர் மறுத்தார், பேராசிரியர் நடுவில் புகுந்தார், எல்லாம் புரிந்தது. அப்போது பென்சில் ஓரமாக ஒதுங்கி வேறொன்றை எழுதியது. 'யாரோ இருமறா.' கொஞ்சம் கழித்து, 'வெளியே காக்கா.'

நான் ஜன்னலைப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு காக்கை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக எனக்கு யாரும் காக்கையைச் சொல்லவில்லை. வேண்டியதைத்தான் எழுதிக் காட்டுவார்கள். சாப்பிட வா, மருந்து குடி, கதவைச் சாத்து. தேவையில்லாத சத்தம் எதையும் யாரும் எழுதமாட்டார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில், அத்தனை ஆண்கள் முன்னால், நான் தேம்பித் தேம்பி அழுதேன். பேராசிரியர் பேச்சை நிறுத்திவிட்டார்.

பிறகு கேட்டேன், "காக்காவை ஏன் எழுதினீங்க?"

"எனக்குக் கேட்டுது, எழுதினேன். எது வேணும் எது வேண்டாம்னு நான் யாரு பொறுக்கறதுக்கு?" என்று எழுதினாள்.

மார்ச் வந்தது, போனது. விலகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் இன்னொரு அடி விழுந்தது. ஆபீசில் தற்காலிக வேலைகளை எல்லாம் நிறுத்தினார்கள். மைதிலியின் வேலையும் போனது. தியாகராய நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேறு வேலை கிடைத்தது. அவள் இல்லாத வியாழக்கிழமைகளில் நான் மறுபடியும் செவிடியானேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் இருந்தது காது அல்ல, ஒருத்தியின் நல்ல மனசு. அது தன் பிழைப்பைப் பார்க்கப் போனால் நான் என்ன செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்த வாரம் அவள் ஆபீசில் கேட்ட வம்பையெல்லாம் கோடு கோடாகப் போட்டுக் காட்டுவாள், எனக்குப் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று. ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்துக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வு பாக்கி. தேர்வு அறைக்குள் மாணவரைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி.

மைதிலியையும் உள்ளே விடும்படி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம். வாரங்கள் போயின. ஒரு பதிலும் இல்லை. நான் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. கோவிலுக்குப் போய் உட்காருவேன், திரும்பி வருவேன்.

பதில் வந்தபோது அதோடு இன்னொரு காகிதமும் இருந்தது. பேராசிரியர் தம் கைப்படவே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல். நான்கு பக்கம். அறிவு இந்தப் பெண்ணுடையது, மற்றவள் கேள்வியைத் தாளுக்குக் கொண்டுவருகிறாள், அவ்வளவே; ஒரு காலத்தில் இவளை விலகச் சொன்னவன் நானே, அதற்காக வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருந்தார். மைதிலி வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

1946, ஏப்ரல் மாதம். மைதிலி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். பரிசோதகர்கள் இருவர். ஒருவர் மிக வேகமாகப் பேசுகிறவர். பென்சில் தாளைக் கிழித்துவிடுமோ என்று பயந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னேன். நடுவில் ஒரு கேள்வி வந்தது, நண்டுக் குஞ்சின் ஒரு நரம்பைப் பற்றி. கோடு தெளிவாக இருந்தது. கேள்வி முழுதாகப் புரிந்தது. பதில்தான் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னேன்.

சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிசோதகர் என்னைப் பார்த்தார். அவருக்கு எப்படி விளக்குவது? கேள்வி காதில் விழாததால் அல்ல, பதில் தெரியாததால் தெரியாது என்று சொல்லி எத்தனை நாளாயிற்று! எல்லா மாணவர்களையும் போல நானும் ஒரு கேள்வியில் தோற்றேன். அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்தவருக்கு எப்படி நன்றி சொல்வேன்?

முடிந்தபின் அவர்கள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பென்சில் அதையும் விடவில்லை. 'ரெண்டு பேரும் பேசிக்கறா. நல்ல வேலை, பாஸ் போட்டுடலாம்னு சொல்றா. காபி ஆறிப்போச்சாம்.'

பட்டம் கிடைத்தது. இப்போது அதே ஆராய்ச்சிக்கூடத்தில் மாதிரிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மைதிலி கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டாள். அவள் கடிதம் எல்லாம் கோடுதான், தபால்காரருக்கே சந்தேகம். என் காது அப்படியேதான் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. சில நாட்கள் இன்னும் மனசு கசந்துபோகும். உங்கள் எல்லாருடைய வாயும் அசைய, நான் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது போலிருக்கும்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. பேராசிரியர் இப்போது புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே கேட்கிறார், உங்களுக்கு எதில் சிரமம், என்ன ஏற்பாடு வேண்டும் என்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கை விளங்காத ஒருவர் வந்து சேர்ந்தார். இடது கையால் அவர் கோணலாகக் குறித்து வைப்பதை நான் நல்ல எழுத்தில் படி எடுத்துத் தருகிறேன், அவருக்காக நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைகிறேன். அவர் குறிப்பில் அடித்து விட்டதைக்கூட நான் விடாமல் எழுதிவைப்பதைப் பார்த்து அவர் சிரிப்பார்.

நான் காது கேட்டேன், கிடைக்கவில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை என்று சொன்னேன், மூன்றாம் நாள் ஒருத்தி நோட்டோடு வாசலில் நின்றாள். இதைத் தற்செயல் என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், நல்ல வார்த்தைகளைத் தேடாதீர்கள். போய் உட்காருங்கள். தெரியவில்லை என்று சொல்லுங்கள். மனசு லேசாகாவிட்டாலும் எழுந்து வீட்டுக்குப் போங்கள். அவர் யாரை அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. நம்மை விலக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்த கையையே அனுப்பக்கூடும்.

நம் பங்கில் காதோ கண்ணோ கையோ சரியில்லை என்று படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தால் போதும்.